எபினுக்கு ஒரு பாட்டு

ஜெரிஷ் அழகியமண்டபத்தில் ஒரு டைல்ஸ் கடையில் வேலை பார்க்கிறான். எங்கள் சபையில் கிறிஸ்மஸுக்குப் பாடும் புதுப் பாட்டுகளெல்லாம் அவன் போட்டவை. முறையாகச் சங்கீதம் படித்தவனில்லை. இதைச் சொன்னால் வெளியூர்க்காரர்கள் "பிறவி ஞானம்" என்பார்கள். எனக்கு எரிச்சலாக வரும். பாடகர் குழுவில் பத்தொன்பது வருஷமாக இருக்கிறேன். அந்த ஞானம் எங்கே பிறந்தது என்று எனக்குத் தெரியும். நாகர்கோவில் பஸ்ஸின் கடைசி சீட்டில்.

அவனும் அவன் கூட்டாளி எபினும் பள்ளிக்கூடம் போகும்போது, கண்டக்டர் "தக்கலை, புலியூர்க்குறிச்சி, வில்லுக்குறி" என்று கூவுவதை ராகம் போட்டுப் பாடுவார்கள். எபின் டிபன் டப்பாவில் தாளம் தட்டுவான். பாதி வழியில் இறக்கிவிடப்பட்டதும் உண்டு. ஜெரிஷின் முதல் கேரல் பாட்டுக்கு அதுதான் மெட்டு. போதகருக்கு இன்றுவரை தெரியாது.

நவம்பர் பிறந்தால் பயிற்சி தொடங்கும். வாரம் ஒரு வீடு. அங்கே பால் விடாத கட்டன்சாயாவும் அவித்த மரச்சீனிக் கிழங்கும். எங்களுக்குள் ஒரு வழக்கம் உண்டு. புதுப் பாட்டைக் கேட்டதும் யாரும் நல்லா இருக்கு என்று சொல்லக் கூடாது. ஆளுக்கொரு குறை சொல்ல வேண்டும். வீட்டுக்காரி அடுக்களையிலிருந்தபடியே சொல்லலாம். மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்பார்கள். ஜெரிஷுக்கு இருபது பக்கமும் இடி. டிரம் அடிக்கிற எபின்தான் அதில் முதல் ஆள்.

"ஏலே, இது பாட்டா? தண்ணி லாரி ரிவர்ஸ் எடுக்க மாதிரியில்லா இருக்கு!"

சிரித்துச் சிரித்து எங்களுக்கு வயிறு வலிக்கும். ஜெரிஷ் முகம் சிவந்து, அந்த வரியை அங்கேயே மாற்றிப் போடுவான். அப்படி மாற்றிய வரியைத்தான் ஊரே முணுமுணுக்கும்.

எபின் கத்தாருக்கு எலக்ட்ரீசியனாகப் போன பிறகும் விடவில்லை. பாட்டு வாட்ஸ்அப்பில் போகும். ஏச்சு வாய்ஸ் மெசேஜில் வரும்.

போன அக்டோபரில் எபின் அங்கேயே மாரடைப்பில் இறந்தான். வயது முப்பத்தைந்து. உடல் ஊருக்கு வர ஒன்பது நாள் ஆயிற்று. சேதி வந்த அன்றே அவன் அம்மா நேசபாய் ஜெரிஷின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"மக்கா, அவன அடக்கும்போ ஒனக்க பாட்டுதான் பாடணும். வேற ஒண்ணும் எனக்கு வேண்டாம்."

ஜெரிஷ் கடைக்குப் போகவில்லை. எட்டாம் நாள் சாயங்காலம் என் வீட்டில் கூடினோம். பாடிக் காட்டினான். சொல்ல வாய் கூசுகிறது, பாட்டு நன்றாக இல்லை. எவருடைய அடக்கத்திலும் பாடிவிடலாம். எபின் அதில் எங்குமே இல்லை. முடித்துவிட்டு எங்கள் முகங்களைப் பார்த்தான்.

"நல்லா இருக்கு" என்றேன் நான்.

எங்களோடு பாடும் ஸ்மைலின் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "ரொம்ப நல்லா இருக்கு அண்ணா" என்றாள்.

"குறை சொல்லுங்க."

நான் எழுந்துபோய் சாயாவைக் கொண்டுவந்து வைத்தேன்.

"ஒரு குறையாவது சொல்லுங்க. கெஞ்சிக் கேக்கியேன்."

துக்கத்தில் இருப்பவனிடம் எப்படிச் சொல்வது? தலையைக் குனிந்துகொண்டோம். அதை இரக்கம் என்று நினைத்தோம். அவன் எங்களிடம் கேட்டது இரக்கத்தை அல்ல. போட்டு வைத்த சாயாவை ஒருவரும் தொடவில்லை.

மறுநாள் கல்லறைத் தோட்டத்தில் போதகர் ஜெபத்தை முடித்துவிட்டு ஜெரிஷைப் பார்த்தார். அவன் கையில் பாட்டு எழுதிய தாள் இருந்தது. வாயைத் திறந்தான், மூடினான்.

"பாடு மக்கா" என்றார் நேசபாய்.

"இன்னும் சரியாவல்ல மாமி. எவனும் ஒண்ணும் சொல்ல மாட்டேங்கான்."

அந்தத் தாய்க்கு ஒன்றும் புரியவில்லை. எங்களுக்குப் புரிந்தது. அப்போதாவது நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். திறக்கவில்லை. போதகர் தலையசைக்க, மண் போடத் தொடங்கினார்கள். அம்மா கேட்ட ஒரே ஒரு பாட்டு இல்லாமல் எபின் குழிக்குள் போனான்.