தினம் பத்து பீடி

என் வீட்டுக்காரர் தன் வாழ்நாளில் ஒரு பீடிகூடப் பற்றவைத்ததில்லை. புகை வாடை வந்தாலே மூக்கைப் பொத்திக்கொண்டு பஸ்ஸில் இடம் மாறி உட்காருகிற மனிதர். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் இந்த ஒன்றை ஒரு காகிதத்தில் ஏற்றுவதற்காக நான் எட்டு மாதம் செருப்புத் தேய அலைந்திருக்கிறேன்.

அவர் கோலார் தங்கவயல்காரர். அவருடைய அப்பா சுரங்கத்தில் இறங்கி, நெஞ்சில் தூசி கட்டி, பாதி வயதிலேயே போனவர். மகன் மட்டும் பூமிக்குள் போகக்கூடாது என்று அவர்கள் வீட்டில் முடிவு செய்தார்கள். தரைக்கு மேலே, வெளிச்சத்தில், கரண்டு விசிறி ஓடுகிற இடத்தில் வேலை பார்க்க வேண்டும் என்று பெங்களூருக்கு அனுப்பினார்கள். வெளிச்சம் இருந்தது, விசிறியும் இருந்தது. பொம்மனஹள்ளியில் லாரிகளுக்கு பிரேக் லைனிங் செய்கிற கம்பெனி அது. அந்த விசிறி செய்த ஒரே வேலை, ஒரு மூலையில் கிடந்த தூசியை எல்லோருடைய மூக்குக்கும் கொண்டுபோய்ச் சேர்த்ததுதான்.

மூட்டை மூட்டையாக வெள்ளை நாராக ஒரு சரக்கு வரும். அதற்கு அங்கே பஞ்சு என்று பெயர். மூட்டையின் மேல் ஆஸ்பெஸ்டாஸ் என்று ஆங்கிலத்தில் அச்சடித்திருக்கும். பஞ்சைக் கலந்து, அச்சில் அழுத்தி, வேகவைத்து எடுத்த லைனிங்கை கிரைண்டிங் சக்கரத்தில் தேய்த்துத் துளை போடுவது இவர் வேலை. சாயங்காலம் வீட்டுக்கு வரும்போது புருவம், காது மடல், கை ரோமம் எல்லாம் வெளுத்திருக்கும். "என்னாங்க, மாவு மில்லுல சேந்துட்டீங்களா?" என்று நான் கேலி செய்வேன். வாசலில் நின்று அவருடைய பேண்ட்டை நான்கு உதறு உதறிவிட்டுத்தான் சோப்பு போடுவேன். இன்று அந்த உதறலை நினைத்தால் என் கையையே வெட்டிப் போடலாம் போலிருக்கிறது.

ஒரு நாள் சட்டையைத் துவைக்க எடுத்தபோது பையில் ஒரு பீடி இருந்தது. எனக்கு வந்த கோபம் சாதாரணக் கோபமில்லை. நான் கார்மென்ட்ஸ் கம்பெனியில் செக்கிங் பிரிவில் இருபது வருடம் இருந்தவள். சட்டையில் ஒரு தையல் விட்டிருந்தாலும் தூக்கிப் போட்டுவிடுவேன். என் புருஷன் சட்டையில் பீடியா? அன்று நான் கத்திய கத்தலில் பக்கத்து வீட்டுக்காரர்கள் வந்து எட்டிப் பார்த்தார்கள். இவர் சிரித்துக்கொண்டே கதையைச் சொன்னார்.

கம்பெனியில் வருடத்துக்கு ஒரு தடவை மெடிக்கல் செக்கப் நடக்கும். ஒரு டாக்டரும் ஒரு கம்பவுண்டரும் வந்து ஷெட்டில் மேசை போட்டு உட்காருவார்கள். ஆளுக்கொரு ஹெல்த் புத்தகம் உண்டு. இருமல் இருக்கிறதா என்று கேட்பார்கள். இருக்கிறது, தூசியால் என்று சொன்னவனை, "நீ ரெஸ்ட் எடுத்துட்டு வா" என்று அனுப்பிவிடுவார்கள். ரெஸ்ட் எடுத்துவிட்டு வந்தவனை கேட்டிலேயே நிறுத்திவிடுவார்கள். இரண்டு பேருக்கு அப்படி நடந்ததைப் பார்த்த பிறகு எல்லோரும் உஷாராகிவிட்டார்கள். இருமல் இருக்கிறது சார், பீடியால் சார் என்று சொல்ல ஆரம்பித்தார்கள். பீடி இருமல் கம்பெனியின் பொறுப்பில்லை, அதனால் வேலைக்கும் ஆபத்தில்லை. டாக்டர் நம்ப வேண்டுமே என்பதற்காக, செக்கப் நாளன்று எல்லோரும் சேர்ந்து ஒரு கட்டு பீடி வாங்கி, குடிக்காதவர்களின் சட்டைப் பையிலும் ஆளுக்கு ஒன்று செருகிவிடுவார்கள். அப்படிச் செருகிய பீடிதான் என் கைக்கு வந்தது.

நானும் சிரித்தேன். அதை மறைக்க மாட்டேன். "நல்ல மூளைதான் உங்களுக்கு" என்று பாராட்டக்கூடச் செய்தேன். அப்போது பிள்ளைக்குப் பள்ளிக்கூடத்தில் சீட் வாங்கியிருந்தோம், வீட்டுக்கு அட்வான்ஸ் கொடுத்திருந்தோம். வேலை நின்றுபோனால் என்ன செய்வோம் என்பதுதான் எனக்கும் பயமாக இருந்தது.

பிறகு கம்பெனியை மூடினார்கள். கணக்கு முடித்து அனுப்பும்போது ஹெல்த் புத்தகத்தையும் கையில் கொடுத்தார்கள். அது பீரோவில் ரேஷன் கார்டுக்கு அடியில் கிடந்தது. இவர் ஒரு அபார்ட்மெண்டில் செக்யூரிட்டி வேலைக்குப் போனார். ஒரு பத்து வருடம் ஓடியது. அதன் பிறகுதான் மாடிப்படி ஏறும்போது மூச்சு வாங்கியது, சளியில் ரத்தம் வந்தது, எடை குறைந்தது. நுரையீரலில் புற்றுநோய் என்றார்கள்.

அரசாங்கப் புற்றுநோய் ஆஸ்பத்திரியில் ஒரு சின்ன வயது டாக்டரம்மா இருந்தார். ஸ்கேன் படத்தை வெளிச்சத்தில் பிடித்து வெகுநேரம் பார்த்தார். நுரையீரலைச் சுற்றியிருக்கும் ஜவ்வில் சுண்ணாம்பு தெளித்தது போலத் தழும்புகள் இருந்தன. "இவரு எங்க வேலை செஞ்சாரு?" என்று கேட்டார். அதுவரை எந்த டாக்டரும் அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை. நான் சொன்னதும் படத்தைக் கீழே வைத்துவிட்டு, இது ஆஸ்பெஸ்டாஸ் தூசி விட்டுப் போகிற தழும்பு, உள்ளே போன நார் முப்பது வருடம் கழித்துக்கூடப் புற்றுநோயாக வரும், இது தொழிலால் வந்த நோய் என்று, நஷ்டஈட்டுக்காக டாக்டர்கள் கூடி முடிவு செய்கிற மெடிக்கல் போர்டில் எழுதி வாங்க முடியும் என்றார். என்னையும் படம் எடுக்கச் சொன்னார், துணி துவைத்தவள் என்பதால். இப்போதைக்கு எனக்கு ஒன்றுமில்லை.

போர்டில் பழைய ஹெல்த் புத்தகத்தைக் கேட்டார்கள், கொடுத்தேன். எண்ணி இரண்டே நிமிடத்தில் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். பதினேழு பக்கத்திலும் ஒரே வரி இருந்தது, பீடி, தினம் பத்து என்று. பீடி குடித்தவனுக்கு நுரையீரலில் புற்றுநோய் வந்தால் கம்பெனி என்ன செய்யும் என்று கேட்டார் அங்கிருந்த பெரிய டாக்டர். ஆட்சேபம் இருந்தால் எழுதிக் கொடுங்கள், மறுபடி கூப்பிடுகிறோம் என்றார். அங்கேயே உட்கார்ந்து எழுதிக் கொடுத்துவிட்டுத்தான் எழுந்தேன். தெருவில் அதற்குள் செய்தி பரவிவிட்டது. "பாவம், பீடிப் பழக்கமாம்" என்று பார்க்க வந்தவர்கள் என் காதுபடவே பேசினார்கள். செத்துக்கொண்டிருக்கிற மனிதன் மேல், நீயே உன்னைக் கொன்றுகொண்டாய் என்று எழுதி ஒட்டிய மாதிரி இருந்தது எனக்கு. அந்த வரியை அடிக்காமல் இவரை அனுப்பமாட்டேன் என்று அன்றைக்கு முடிவு செய்தேன்.

குடிக்கவில்லை என்பதற்கு யாரிடம் அத்தாட்சி வாங்குவது? உடன் வேலை செய்தவர்களைத் தேடிப் போனேன். ஹெப்பகோடியில் இருவர், பொம்மனஹள்ளியில் நான்கு பேர். எல்லோரும் டீ கொடுத்தார்கள், எல்லோரும் இவருக்காக வருத்தப்பட்டார்கள், ஒருவரும் வரவில்லை. "டாக்டர் கைல பொய் சொன்னோம்னு நாங்களே எழுதிக் குடுக்கணுமாக்கா? நாளைக்கு பென்ஷனுக்கு எதனா ஆயிட்டா?" என்றார் ஒருவர். பேசும்போதே அவருக்கு இருமல் வந்தது. நான் டீயைக் குடிக்காமல் எழுந்து வந்துவிட்டேன். மரியாதையில்லைதான்.

கடைசியாக ஸ்ரீராம்புரத்துக்குப் போனேன். கம்பெனியில் மூட்டை உதறி, தரை பெருக்கிக்கொண்டிருந்த ஒரு அக்கா அங்கே இருந்தாள். இப்போது மாநகராட்சிக் குப்பை வேலையில், காண்ட்ராக்டில் தெரு பெருக்குகிறாள். அந்த ஷெட்டில் எவ்வளவு தூசி இருந்தது என்று அவளாவது வந்து சொல்வாளா என்று கேட்கத்தான் போனேன். அவள் தன் ஹெல்த் புத்தகத்தைக் கொண்டுவந்து நீட்டி, "இதுல இன்னா எழுதிக்கிறான் பாரு, எனக்கு படிக்கத் தெரியாது" என்றாள்.

பிரித்துப் பார்த்தேன். பீடி, தினம் பத்து. அடுத்த பக்கத்திலும் அதேதான். கம்பவுண்டர் அவளை ஒரு வார்த்தைகூடக் கேட்காமல், முந்தின ஆளுக்கு எழுதியதையே அவளுக்கும் எழுதித் தள்ளியிருக்கிறான். எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. சிரித்த வேகத்தில் அழுகையும் வந்துவிட்டது. அவளுக்கு நான் படித்துச் சொன்னதும் முகம் சிவந்துபோயிற்று.

"நானு பீடி குடிச்சத எவன்டி பாத்தான்?"

"யாரும் பாக்கலக்கா. அதான் எனக்கு வேணும். இந்தப் புத்தகத்த ஒரு நாள் குடுக்கா, போர்டுல காட்டிட்டு கொண்டாந்துடறேன்."

அவளுக்கும் இருமல் இருந்தது. போர்டு டாக்டர்கள் கண்ணில் பட்டால் படம் எடுக்கச் சொல்வார்கள், படத்தில் ஏதாவது தெரிந்தால் காண்ட்ராக்டர் மறுநாளே நிறுத்திவிடுவான். அவள் சம்பளத்தில் மூன்று பேர் சாப்பிடுகிறார்கள். இதையெல்லாம் அவளே சொன்னாள். எனக்குத் தெரியாததில்லை, எங்கள் வீட்டிலும் அதே பயம்தான் பதினேழு வருடம் குடியிருந்தது. புத்தகத்தை அவள் மடியில் வைத்துவிட்டு எழுந்தேன்.

"குந்து" என்றாள். "புத்தகத்த குடுத்து அனுப்பமாட்டேன். நானே வர்றேன். எம்மேல எழுதன பொய்ய நான்தான் கேக்கணும்."

போர்டு கூடிய நாளில் இவரை ஆட்டோவில் ஏற்றி, இரண்டு பக்கமும் நாங்கள் இருவரும் தாங்கிக்கொண்டு போனோம். உள்ளே மூன்று டாக்டர்கள் இருந்தார்கள். பெரிய டாக்டர் புத்தகத்தைப் புரட்டிவிட்டு, இருமல் எதனால் என்று இவரிடம் கன்னடத்தில் கேட்டார். உட்காரச் சொல்லியும் இவர் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றார். வெள்ளைக் கோட்டைப் பார்த்தார். எத்தனையோ தடவை வீட்டில் சொல்லிக் கொடுத்துக் கூட்டி வந்திருந்தேன். அப்படியும் வாய் பழைய பாதையிலேயே போனது.

"பீடி சார்" என்றார்.

"பொய் சார், பயத்துல சொல்றாரு" என்று கத்தினேன். "அவரே ஒப்புக்கொள்கிறார், இல்லையென்று சொல்ல நீங்கள் யாரம்மா?" என்றார் டாக்டர். நோயாளி என்றும் பார்க்காமல் இவர் தோளைப் பிடித்து உலுக்கலாம் போல ஆத்திரம் வந்தது.

கதவோரத்தில் நின்றிருந்த அக்கா நேராக வந்து தன் புத்தகத்தை மேசைமேல் வைத்தாள். "இத்த படிங்க சார்" என்றாள். டாக்டர் படித்தார். அவள் முகத்தைப் பார்த்தார். மறுபடியும் படித்தார். "நீங்கள் பீடி குடிப்பீர்களா?" என்று அவர் கேட்டதும், "எங்க தெருவுல வந்து இந்தக் கேள்விய கேட்டுப் பாருங்க, எம் மருமவ தொடப்பத்தோட வருவா" என்றாள். பக்கத்திலிருந்த பெண் டாக்டர் சிரித்துவிட்டார். பிறகு அவரே இரண்டு புத்தகங்களையும் அருகருகே வைத்து, பக்கம் பக்கமாகப் பார்த்தார். ஒரே கையெழுத்து, ஒரே மை, ஒரே பத்து.

பெரிய டாக்டர் குரலைத் தாழ்த்தி, "உங்களுக்கு இருமல் உண்டாம்மா?" என்று அவளைக் கேட்டார். இல்லை என்று சொல்லிவிடுக்கா, நீ செய்தது போதும் என்று நான் மனதுக்குள் கெஞ்சினேன்.

"கீது சார். ரெண்டு வருசமா கீது. அந்தப் பஞ்சுத் தூசிதான் சார்."

அவள் சொல்லி முடித்த பிறகு இவர் வாயைத் திறந்தார். யாரும் கேட்கவில்லை. "எனக்கும் தூசிதான் சார். நான் பீடி தொட்டதில்ல. வேல போயிடும்னு சொன்னேன்." இந்த மூன்று வாக்கியத்துக்கும் மூன்று இடத்தில் நிறுத்தி மூச்சு வாங்கினார். டாக்டர் பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருந்தார். பிறகு போர்டின் தாளில் புகைப்பழக்கம் இல்லை, தொழிலில் ஆஸ்பெஸ்டாஸ் தூசி என்று எழுதி, மூன்று பேரும் கையெழுத்துப் போட்டார்கள். நான் கண்ணாடியை மாட்டிக்கொண்டு எழுத்து எழுத்தாகச் சரிபார்த்தேன். அக்காவைப் படம் எடுக்க மாடிக்கு அனுப்பினார்கள். அவள் காண்ட்ராக்டரிடம் யார் போய்ப் பேசுவது என்று நான் அப்போதே முடிவு செய்துவிட்டேன், நான்தான்.

வெளியே பெஞ்சில் இவரை உட்காரவைத்து, தண்ணீர் பாட்டிலைத் திறந்து கொடுத்தேன். குடிக்கவில்லை. போர்டு அறையின் கதவையே பார்த்துக்கொண்டிருந்தார். டாக்டரம்மா சொன்ன கணக்குப்படி அவருக்கு இன்னும் மூன்று மாதம்தான் இருந்தது. என் கையைப் பிடித்து, மெதுவாகக் கேட்டார்:

"தூசின்னு சொல்லிட்டேனே, ஒண்ணும் ஆயிடாதில்ல?"

"ஒண்ணும் ஆவாதுங்க" என்றேன்.