மாத்திரைக்கு ஒரு போத்தல்

பல்லேகல கார்மென்ட்டில் பகல் சோற்றுப் பார்சலை அவிழ்க்கும்போது தங்கச்சி போன் பண்ணினாள். "அக்கா, புஷ்பம் மிஸ்ஸி செத்துப் போயிட்டாங்க. காலையில நெஞ்சு வலியாம்." நான் சிரித்துவிட்டேன். ஊரையே ஏமாற்றிச் சிரிக்கிறவள் நான். எனக்கே திருப்பிக் கொடுக்கிறாள் என்று நினைத்தேன். "போடி, முந்தாநாள்கூட என்னைத் திட்டினாங்களே" என்றேன். அவள் அழுதாள். சோறு கையிலேயே காய்ந்தது. இன்னும் நம்ப முடியவில்லை.

ஹந்தானைத் தேயிலைத் தோட்டத்து மருந்துச்சாலையில் மிஸ்ஸி கையால் மருந்து வாங்கிய உங்களுக்கு அந்தப் போத்தலைத் தெரியும். அது எதற்கென்று சில பெண்களுக்குத்தான் தெரியும்.

ஒருநாள் கைவலி என்று போனேன். மிஸ்ஸி என்னைக் கேட்டதற்கெல்லாம் கூட வந்த என் வீட்டுக்காரர் பதில் சொன்னார். "வாசப்படியில விழுந்துட்டா மிஸ்ஸி." மிஸ்ஸி ஒரு போத்தலை நீட்டினார். "தம்பி, இதக் குழாயில நல்லா கழுவிட்டு வாங்க."

அவர் போனதும் மிஸ்ஸி கதவைச் சாத்தினார். மேசையில் இருந்ததோ மாத்திரை.

"மாத்திரைக்கு எதுக்கு மிஸ்ஸி போத்தல்? நீந்தப் போகுதா?"

மிஸ்ஸி சிரிக்கவில்லை. என் சட்டைக் கையை மெதுவாக ஒதுக்கிப் பார்த்தார். "வாசப்படிக்கு அஞ்சு விரல் இருக்கா, லெச்சுமி?"

அதற்கும் சிரித்தேன். "சிரிச்சு முடிங்க. நான் இருக்கேன்" என்றார். சிரிப்பு எப்போது அழுகையானதென்று தெரியாது.

"வீட்டுக்குப் போக பயமா இருக்கா?"

பெற்ற தாய்கூட என்னை அப்படிக் கேட்டதில்லை.

"இப்பவே முடிவெடுக்க வேணாம். அடையாள அட்டைய மட்டும் கொண்டாந்து என் அலுமாரியில வைங்க."

என் வீட்டுக்காரர் போத்தலைப் பளபளவென்று கழுவி வந்தார். மிஸ்ஸி நன்றிகூடச் சொன்னார்!

பிறகு என் வீட்டுக்காரர் என் கழுத்தை நெரித்த நாளில், மிஸ்ஸியிடம் அந்த அட்டையை வாங்கிக்கொண்டு கலஹாவில் இருக்கும் தங்கச்சி வீட்டுக்கு பஸ் ஏறினேன். இல்லையென்றால் எனக்கு முன்னமே மாலை போட்டிருப்பீர்கள்.

செத்த வீட்டில் என் பக்கத்தில் ஒரு சின்னப் பெண். நல்ல வெயிலில் மணிக்கட்டுவரை சட்டை. பேர் கேட்டேன், புருஷன் சொன்னான். எந்த லயத்தில் வீடு என்று கேட்டேன், அதற்கும் அவனே.

"தம்பி, இந்தத் தேத்தண்ணிக் கோப்பையெல்லாம் கழுவிட்டு வாங்களேன்."

"நானா அக்கா?"

"மிஸ்ஸிக்குக் கடைசி உதவி. போங்க."

போனான். அந்தப் பெண் என்னைப் பார்த்துச் சிரித்தாள். என் நாக்கு நுனியில் ஒரு பகிடி இருந்தது. விழுங்கிக்கொண்டேன். மிஸ்ஸியிடமிருந்து என்னிடம் மிஞ்சியது, பெற்ற தாய்கூடக் கேட்காத அந்த ஒரு கேள்விதான். அவள் சிரித்து முடிக்கும்வரை காத்திருந்து, அதைக் கேட்டேன்.