அமிர்தவள்ளிக்கு முன்னால் என்ன போடுவது

ஆம்பூர் பஜாரில் பதினெட்டு வருடமாகக் கல்யாணப் பத்திரிகை அடிக்கிறேன். மாப்பிள்ளையின் படிப்பைக் கொஞ்சம் கூட்டிப் போடச் சொல்வார்கள், போடுவேன். ஊரையே ஏமாற்றியவரைச் செத்தபிறகு 'தெய்வத்திரு' ஆக்கச் சொல்வார்கள், ஆக்குவேன். பொய்க்குத் தங்கக் கலரில் பார்டர் கட்டுவது என் பிழைப்பு. ஆனால் சாமிநாதன் கொண்டுவந்த பொய்யை அடித்த அன்று எனக்கே சாப்பாடு இறங்கவில்லை.

சாமிநாதன், அமிர்தவள்ளியின் தாய்மாமன். ரிட்டையர்டு குமாஸ்தா. எழுத ஒன்றும் இல்லாவிட்டாலும் சட்டைப்பையில் மூன்று பேனா இருக்கும். அப்பா இல்லாத அந்த வீட்டில் அவர் வைத்ததுதான் சட்டம். அமிர்தவள்ளியைப் பேரணாம்பட்டு சூரியபிரகாஷுக்குக் கட்டிவைத்ததும் அவர்தான், தங்கமான பையன் என்று சொல்லி. அந்தத் தங்கம் நாலே வருடத்தில் முத்துமாரி என்ற பெண்ணோடு தனிக்குடித்தனம் போனது. அமிர்தவள்ளி கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு மூன்று வருடம் வேலூர் கோர்ட்டுக்கு பஸ் ஏறினாள். ஒரு வாய்தாவுக்குக்கூட மாமா துணைக்குப் போகவில்லை. அவருக்கு முட்டிவலியாம்.

விவாகரத்து வாங்கி ஆறு வருடம் ஆகிறது. இப்போது அவளுக்கு முப்பத்தாறு வயது, ஷூ கம்பெனியில் குவாலிட்டி செக்கிங். ஒரு தையல் விட்டிருந்தாலும் அவள் கட்டைவிரல் கண்டுபிடித்துவிடும். அங்கே மேனேஜர் முதல் வாட்ச்மேன் வரை அவளை மேடம் என்றுதான் கூப்பிடுகிறார்கள். அதற்காக அங்கே யாரும் கூட்டம் போட்டு யோசித்ததாகத் தெரியவில்லை.

தம்பி காசியின் கல்யாணத்துக்குக் கார்டு தேர்ந்தெடுக்க மகள் கனிஷ்காவையும் கூட்டிவந்திருந்தாள். ஒன்பது வயதுப் பெண். மாடல் கார்டுகளை எல்லாம் எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டு, "இதுல எங்கம்மா பேரும் என் பேரும் சேந்து வருமா ஆன்ட்டி?" என்று கேட்டாள். வரும் என்றேன். அமிர்தவள்ளி என்னைப் பார்த்து, "அது மட்டும் மாறாம பாத்துக்க ஜஹீதாக்கா" என்றாள்.

மறுநாளிலிருந்து சாமிநாதன் வர ஆரம்பித்தார். 'தங்கள் நல்வரவை விரும்பும்' பட்டியலில் நான் 'திருமதி அமிர்தவள்ளி' என்று போட்டிருந்தேன். "எவனுக்குத் திருமதின்னு பொண்ணு வூட்ல கேட்டா நான் இன்னா சொல்றது?" என்று அதை அடித்தார். 'செல்வி' என்று தன் கையால் எழுதினார். இரண்டு நாள் கழித்து, கீழே மழலைகள் வரிசையில் கனிஷ்கா இருப்பது அவர் கண்ணில் பட்டது.

"செல்விக்கு ஏது புள்ள? புள்ளையத் தூக்கிடு" என்றார், கமாவை எடுக்கச் சொல்வதுபோல.

"அந்தக் கொழந்த படிச்சிப் பாக்கும் சார்."

"ஒம்போது வயசுக்கு இன்னா தெரியும்?"

இப்படியே மூன்று வாரம் ஓடியது. இத்தனை நாளில் சம்பந்தப்பட்டவளிடம் ஒரு வார்த்தை கேட்கவேண்டும் என்று அந்த மனிதருக்குத் தோன்றவே இல்லை. கடைசியில் பல்லெல்லாம் தெரிய வந்து நின்றார். 'திரு. சூரியபிரகாஷ் – திருமதி அமிர்தவள்ளி' என்று போடவேண்டுமாம். குழந்தையும் இருந்துவிட்டுப் போகட்டுமாம், பார்ப்பவர்களுக்கு லட்சணமாக இருக்குமாம்.

"அவங்கதான் பிரிஞ்சிட்டாங்களே சார்."

"கோர்ட்ல பிரிஞ்சாங்க. பத்திரிகைலயும் பிரியணும்னு சட்டமா இருக்குது?"

பெங்களூரில் இருக்கும் காசிக்கு போன் போட்டேன். அக்கா சம்பளத்தில் படித்த பிள்ளை. "மாமா சொல்றாப்ல போட்ருங்கக்கா, பேஜார் வேணாம்" என்று வைத்துவிட்டான். துப்புக்கெட்டவன்.

இரண்டு மாதம் முன்பு சூரியபிரகாஷின் தங்கை கல்யாணத்துக்கும் நான்தான் அடித்தேன். 'திரு. சூரியபிரகாஷ் – திருமதி முத்துமாரி.' அவனுக்கு என்ன போடுவது என்று எந்த மாமனும் பேனாவைத் திறக்கவில்லை. கட்டும்போதும் திரு, விட்டுவிட்டுப் போகும்போதும் திரு, மறுபடி கட்டும்போதும் திரு.

சாமிநாதன் புரூஃபில் கையெழுத்துப் போட்டார், நான் அடித்தேன். கடையை மூடிவிடுவேனா என்ன? எனக்கு அவர்மேல் இருக்கிற வெறுப்பில் பாதி என்மேலும் உண்டு.

ஷிஃப்ட் முடிந்து கட்டுகளை எடுத்துப்போக அமிர்தவள்ளி வந்தாள். மூன்று வாரம் நடந்ததை அப்போதுதான் அவளிடம் சொன்னேன். ஒரு பத்திரிகையைப் பிரித்தாள். அந்த வரிமேல் கட்டைவிரலை மெதுவாக ஓட்டினாள். அழுவாள் என்று நினைத்தேன், அழவில்லை.

"ரிஜெக்ட் பீஸ்க்கா இது" என்றாள். பிறகு என் பேனாவை வாங்கி ஒரு கவர்மேல் எழுதினாள்: திரு. சூரியபிரகாஷ் – திருமதி முத்துமாரி, பேரணாம்பட்டு.

"என்னாடி பண்ற?"

"வரவேற்கிறவங்க லிஸ்ட்ல பேரு இருக்குதுல்ல. மொத பத்திரிகை அவுங்களுக்குத்தானே குடுக்கணும்?"

எதிரே இருந்த கூரியர் கடையில் அவளே கொடுத்துவிட்டுப் போனாள்.

மூன்றாம் நாள் சாமிநாதன் வீட்டு வாசலில் முத்துமாரி வந்து நின்றாள். கையில் பத்திரிகை. "எம் புருஷன் பேர அவ பக்கத்துல போட நீ யாருய்யா?" என்று தெருவுக்கே கேட்கிறமாதிரி ஆரம்பித்து அரைமணி நேரம் பேசினாளாம். மாமா லுங்கியோடு வாசலில் நின்றே கேட்டுக்கொண்டாராம். புதுப் பத்திரிகை கைக்கு வரவில்லையென்றால் மண்டபத்துக்கே வருவேன் என்று சொல்லிவிட்டுத்தான் போனாள். அந்தப் பெண்ணை எனக்குப் பிடிக்காது. அன்றைக்கு மட்டும் பிடித்தது.

மறுநாள் காலை மாமா கடைக்கு வந்தார். பின்னால் அமிர்தவள்ளி. அவர் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து, "இன்னா போடணும்னு நீயே சொல்லித் தொல" என்றார். அவளை அவர் கேட்டது அதுதான் முதல் தடவை.

"ஒண்ணும் வேணாம் மாமா. அமிர்தவள்ளி, அதே வரில கனிஷ்கா. அவ்ளோதான்."

"முன்னாடி ஒண்ணும் இல்லாமயா? வேலக்காரியக் கூப்புட்றாப்ல இருக்கும்மா."

"அப்ப யாருக்குமே வேணாம். எல்லாரும் ஒரே மாதிரி இருப்போம்."

அவர் அவசரமாகத் தலையாட்டினார். முத்துமாரி மண்டபத்துக்கு வராமல் இருந்தால் போதும் அவருக்கு. நான் எல்லாத் திருவையும் எடுத்தேன், எல்லாத் திருமதியையும் எடுத்தேன். புது புரூஃபை நீட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு விரலை வைத்து ஒவ்வொரு பெயராக இறங்கினார். அமிர்தவள்ளி – கனிஷ்கா என்ற வரியைக் கவனிக்காமலே தாண்டினார். தன் பெயரில் வந்து விரல் நின்றது.

"என் பேருக்கு முன்னாடி?" என்றார். குரல் இறங்கிவிட்டது. "அறுபத்தஞ்சு வயசு எனக்கு. மொட்டையா நிக்குதேம்மா."

"பழகிடும் மாமா" என்றாள் அமிர்தவள்ளி. "மூணு வாரமா எம் பேரு அப்டித்தான் நின்னுட்டு இருந்திச்சு."

அவருடைய சட்டைப்பையிலிருந்து ஒரு பேனாவை உருவி, புரூஃபில் அவளே கையெழுத்துப் போட்டாள்.