ஒரு செட்டுக்கு இரண்டு தட்டு

பிள்ளைகள் என்ன கேட்டார்கள் என்று காசு வாங்குகிறவருக்குத் தெரியும்; என்ன தின்றார்கள் என்று மேசை துடைக்கிற எனக்குத்தான் தெரியும். கிளிநொச்சியில், கண்டி வீதிக் கரையில், கோழி பொரித்து விற்கிற கடை. நாலு வருசமாக அங்கே தட்டு வைப்பதும் எடுப்பதும் கழுவுவதும் மேசை துடைப்பதும் என் வேலை. இப்படி ஒரு கடைக்குள் பிள்ளையைக் கூட்டிப்போய், இதையாவது தின்னு என்று கெஞ்சிக்கொண்டு இருந்திருக்கிறீர்கள்தானே? அப்ப கேளுங்கோ.

கண்ணுக்கு நல்லது

ஒரு நாள் வேலைக்குப் போகிற கந்தோர் உடுப்போடு ஒரு தகப்பன், கூட ஏழு வயது மகள். மகளுக்குச் சோறு, கோழி, கரட் சலாட், குடிக்கத் தண்ணீர். தனக்குப் பெரிய பேர்கர், கிழங்குப் பொரியல், கறுத்தச் சோடா. பொரியலை மென்றுகொண்டே, கரட்டில் என்னென்ன சத்து இருக்கிறது என்று மகளுக்கு விளங்கப்படுத்தினார். நல்ல விளக்கம்தான். நானே துணியைப் பிடித்தபடி நின்று கேட்டேன். கரட் தின்றால் கண் நல்லாத் தெரியும் என்று முடித்தார்.

பிள்ளை அவருடைய தட்டை ஒரு தரம் பார்த்தது. அவரை ஒரு தரம் பார்த்தது. பிறகு வலு மரியாதையாகக் கேட்டது: "அப்ப உங்களுக்குக் கண் தெரியத் தேவையில்லையோ அப்பா?"

கிளினிக் நாள்

செல்வியின் ஆட்கள் மலைநாட்டில் இருந்து வந்து இங்கே குடியேறியவர்கள். அவளுக்குக் கச்சான் கடலைத் தோட்டத்தில் கூலி வேலை. மகன் கவினுக்கு நாலு வயது. மாதம் ஒரு தரம் கிளினிக்கில் நிறை பார்த்துவிட்டு நேரே எங்கள் கடைக்கு வருவாள். வீட்டில் தின்னாதவன் இங்கேயாவது தின்பான் என்ற நம்பிக்கை. அவன் கேட்பது எப்போதும் கிழங்குப் பொரியலும் சோடாவும். சோடாவை முழுக்கக் குடிப்பான். பொரியலில் நாலு துண்டு தின்பான். பிறகு வயிறு நிறைந்துவிட்டது என்று கதிரையில் காலை ஆட்டிக்கொண்டு இருப்பான். செல்வி தனக்கு ஒன்றும் எடுக்கமாட்டாள். கேட்டால், வீட்டில் சாப்பிட்டேன் என்பாள்.

அன்றைக்கு அவள் முகம் சரியில்லை. கிளினிக் கொப்பியை விரித்து என்னிடம் காட்டினாள். நான் அஞ்சாம் வகுப்போடு நின்றவள்; ஆனாலும் கீழே இறங்குகிற நிறைக் கோடு ஆருக்கும் விளங்கும். இன்னும் இரண்டு கிளினிக்குக்குள் அது ஏறாவிட்டால் பிள்ளையைப் பெரியாஸ்பத்திரி வார்ட்டில் வைத்துத்தான் பார்க்க வேண்டும் என்று மிட்வைஃப் சொல்லிவிட்டாவாம். சோடாவை விட்டுச் சோறும் கோழியும் எடுப்போமா என்று கேட்டேன்.

"எதையாச்சும் திங்கட்டும்ங்க அக்கா. வார்டுல போட்டுட்டா நான் தோட்டத்துக்கும் போக முடியாது, அவன விட்டுட்டு இருக்கவும் முடியாது."

ஒட்டுசுட்டானில் இருந்து வந்தவர்கள்

அடுத்த கிளினிக்கில் கோடு ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. அன்றைக்குப் பக்கத்து மேசையில் ஒட்டுசுட்டான் குடும்பம் ஒன்று, வயலில் நெல் அரிவி வெட்டி முடித்து டவுனுக்கு வந்தவர்கள். தாய், தகப்பன், நாலு பிள்ளைகள். சோறு, கோழி, வெள்ளரிக்காய், அவித்த சோளம் எல்லாவற்றையும் தாய் ஆறு தட்டில் பிரித்து வைத்தா. கடைசிப் பெட்டைப் பிள்ளைக்கு ஆறு வயது இருக்கும். வெள்ளரிக்காயை முதல் தின்றாள், பிறகு சோளம், பிறகு சோறு. கோழி மட்டும் கரையில் ஒதுங்கிக் கிடந்தது. கோழி பிடிக்காதோ என்று கேட்டேன்.

"பிடிக்கும். கோழிய முதல் திண்டா மிச்சத்த அழுதழுதெல்லோ தின்னோணும்."

அறுபது வருசமாகச் சாப்பிடுகிறேன். எனக்கு இது ஒரு நாளும் தோன்றவில்லை. அப்படியே நின்றுவிட்டேன். கவினும் கண்வெட்டாமல் அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். அவள் ஒரு வெள்ளரித் துண்டை நீட்டினாள்; அவன் வாங்கித் தின்றான். அந்தப் பெட்டை திரும்பித் தாயிடம், கடை முழுக்கக் கேட்கிற மாதிரிச் சொன்னாள்: "அம்மா, அந்தத் தம்பி தனியச் சாப்பிடுறான். அவன்ர அம்மாவுக்குத் தட்டே இல்லை."

முதலாளி

எத்தனை மாதம் அந்த மேசையைத் துடைத்திருப்பேன். செல்வியின் பக்கத்தில் துடைக்க ஒன்றுமே இருந்ததில்லை என்பது அப்போதுதான் மண்டையில் ஏறியது. வழமையான பொரியலுக்குப் பதிலாகச் சோறும் கோழியும் சோளமும் உள்ள செட் ஒன்றை எடுத்து, இரண்டு தட்டில் சரிபாதியாகப் பிரித்துக் கொண்டுபோய் வைத்தேன். சோடா பிறகு வரும் என்று சொல்லித் தண்ணீர் வைத்தேன். செல்வி கூச்சத்தோடு ஒரு வாய் வைத்தாள். கவின் தன் தட்டை விட்டுவிட்டு அவளுடைய தட்டில் கை வைத்தான். அவள் சோளம் எடுத்தால் அவனும் சோளம். அவள் கோழி எடுத்தால் அவனும் கோழி. சோடாவை அவன் கேட்கவே இல்லை.

முதலாளி என்னை உள்ளுக்குக் கூப்பிட்டார். "ஒரு செட்டுக்கு ரெண்டு தட்டோ? இது கடையோ, அன்னதான மடமோ?" கழுவுகிறது நான்தானே என்றேன். அவர் எட்டி அந்த மேசையைக் கொஞ்ச நேரம் பார்த்தார். தாயும் மகனும் தலை நிமிராமல் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். ஒரு அவித்த முட்டையை என் கையில் வைத்தார்.

"இதையும் ரெண்டா வெட்டிக் குடுங்கோ அக்கா."

கோடு

இரண்டாவது கிளினிக், கடைசித் தவணை. காலையில் இருந்து வாசலையே பார்த்துக்கொண்டு நின்றேன். செல்வி வந்தவுடன் கொப்பியை நீட்டினாள். கோடு ஏறியிருந்தது. கொஞ்சம்தான், ஒரு நெற்பயிர் தலை தூக்கின அளவு. வார்ட் வேண்டாம், இப்படியே போகட்டும் என்று மிட்வைஃப் சொன்னாவாம். முன்பு அவனுக்குச் சோறு தீத்தி முடித்துவிட்டு, பிறகு குசினிக்குள் அடுப்படியில் நின்றபடி தான் சாப்பிடுவாளாம். இப்போது வீட்டிலும் இரண்டு தட்டு, ஒன்றாக இருந்து சாப்பாடு. ஒரு பிள்ளைக்கு வேண்டிய மருந்து இதுதானா என்று எனக்கு உடம்பு சிலிர்த்தது.

அன்றைக்குச் செல்விக்குச் சந்தோசத்தில் சாப்பாடு இறங்கவில்லை. வெள்ளரிக்காயைத் தொடாமல் எழும்பப் பார்த்தாள். கவின் அவள் சட்டையைப் பிடித்து இழுத்து இருத்தினான்.

"அதையும் தின்னும்மா. இல்லாட்டி ஒன்னய வார்டுல போட்டுருவாங்க."

எங்கள் தொழிலில் மிச்சமே இல்லாத மேசைதான் பெரிய அதிசயம். அதைப் பார்த்து வாயைப் பிளந்துகொண்டு நின்றால் முதலாளியிடம் பேச்சும் வாங்கலாம்.