அமாவாசை அன்று தூங்கிய கம்ப்யூட்டர்

செங்கல்பட்டில் கம்ப்யூட்டர் சர்வீஸ் செய்துகொண்டிருந்த காலத்தில் எனக்குத் தலைக்கனம் அதிகம். பெட்டியைத் திறக்காமலே கோளாறைச் சொல்லிவிடுவேன் என்று வாய் கிழியப் பேசுவேன். இரண்டாயிரங்களின் தொடக்கம் அது. எங்கள் பக்கத்தில் எனக்குத் தெரிந்ததில் பாதி தெரிந்த ஆள்கூடக் குறைவு, அதனால் என் பேச்சு எடுபட்டது. அந்தப் பேச்சால் ஒரு பெண்ணின் வேலை போனது. எனக்கு ஒன்றும் ஆகவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன்.

மாமல்லபுரத்தில் ஒரு சிற்பக்கூடம். முன்னால் கடை, நடுவில் ஆபீஸ் அறை, சுவருக்கு அந்தப் பக்கம் பட்டறை. முதலாளி பளபளவென்று மெருகேற்றிய கருங்கல் பலகை ஒன்றைச் சுவரிலேயே பதித்து, அதைத்தான் கம்ப்யூட்டர் மேசையாக வைத்திருந்தார். வருகிறவர்களிடம் அதைத் தடவித் தடவிக் காட்டுவார். வெளிநாட்டு ஆர்டர்களுக்குக் கடிதம் அடிக்க, செய்யூர்ப் பக்கத்துக் கிராமத்திலிருந்து ஒரு பெண் பஸ்ஸில் வந்துபோனாள்.

அங்கே உருண்டை வைத்த பழைய மவுஸ் கல்தூசி அடைத்து மக்கர் செய்தது. அடியில் சிவப்பு விளக்கு எரியும் புது மவுஸை நான்தான் மாட்டினேன். பத்து நிமிடம் யாரும் தொடாவிட்டால் கம்ப்யூட்டர் தானே தூங்கிப்போகும்படியும் வைத்துக் கொடுத்தேன். கரண்ட் மிச்சம் என்றேன். முதலாளிக்கு அதில் வேறொரு லாபம் தெரிந்தது. அவர் மதியம் ஒரு மணிக்கு வீட்டுக்குச் சாப்பிடப் போனால் மூன்று மணிக்குத்தான் வருவார். அதுவரை அவள் கடையில் உட்கார வேண்டும், கம்ப்யூட்டரைத் தொடக்கூடாது. திரும்பி வரும்போது திரை கறுப்பாக இருந்தால் அவள் யோக்கியம், வெளிச்சமாக இருந்தால் திருட்டுத்தனம்.

தினமும் வெளிச்சமாகவே இருந்தது. முதலாளி ஒரு வாரம் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்துவிட்டு எனக்குப் போன் செய்தார்.

நான் போன அன்று அமாவாசை. கல் வேலைக்காரர்கள் அன்றைக்கு உளியைத் தொடமாட்டார்கள், பட்டறை லீவு. தூசி இல்லை, சத்தம் இல்லை, எனக்கு அது வசதியாகப் போயிற்று. பவர் செட்டிங்கைப் பார்த்தேன், ஓடிக்கொண்டிருந்த புரோகிராம்களைப் பார்த்தேன், மோடத்தைக் கழற்றி மாட்டினேன். அப்படியே விட்டுவிட்டு டீ குடிக்கப் போனேன். வந்து பார்த்தால் திரை கறுப்பு. பெட்டியின் விளக்கு விட்டுவிட்டு மினுங்கியது. மூன்று முறை செய்தேன், மூன்று முறையும் சமர்த்தாகத் தூங்கியது.

அந்தப் பெண் கதவோரம் நின்றுகொண்டிருந்தாள். "நான் தொடவே இல்ல சார். அந்த அம்புக்குறி தானா நடுங்கிகினு கீது. நானே பாத்தேன்" என்றாள்.

அப்படியானால் பேய் ஓட்டுகிறவனை அழைத்திருக்கலாமே, என்னை எதற்கு அழைத்தீர்கள் என்று கேட்டேன். முதலாளி வயிறு குலுங்கச் சிரித்தார். அந்தச் சிரிப்பு எனக்குத் தலைக்கேறிவிட்டது.

"மெஷின்ல ஒரு கோளாறும் இல்லண்ணா. யாராவது கை வெச்சாத்தான் அது முழிச்சிகினு இருக்கும்" என்றேன்.

வண்டியை எடுக்கும்போது அவள் பின்னாலேயே வந்தாள். ஒரு வருஷம் கெஞ்சித்தான் வீட்டில் வேலைக்கு அனுப்பினார்களாம். இந்தப் பெயரோடு திரும்பிப் போனால் அண்ணன் இனி வாசல் தாண்ட விடமாட்டானாம். அழாமல்தான் சொன்னாள்.

"நாளைக்கு ஒரு தபா வந்து பாருங்க சார். இன்னிக்கு மட்டும்தான் இப்டி தூங்குது."

எனக்கு வேறு வேலை இல்லையா என்று கேட்டேன். உண்மையில் மறுநாள் எனக்கு ஒரு வேலையும் இல்லை. ஒரு பெண் என் தீர்ப்பில் சந்தேகப்பட்டதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

அன்று சாயங்காலமே அவளை அனுப்பிவிட்டார்கள். வெள்ளைக்காரர்களோடு சாட் பண்ணிக்கொண்டிருந்தாள் என்று முதலாளி தெரு முழுக்கச் சொன்னார். அதற்குப் பிறகு கொஞ்ச நாள் வேறு ஆள் வைக்காமல், சாப்பிடப் போகும்போது கம்ப்யூட்டரை அணைத்துவிட்டே போனார்.

இரண்டு மாதம் கழித்து பிரிண்டர் பார்க்கப் போனேன். பட்டறையில் வேலை மும்முரம். அச்சான பக்கம் வெளியே வரட்டும் என்று கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். சுவருக்கு அந்தப் பக்கம் கல் அறுக்கும் மெஷின் ஓட ஆரம்பித்தது. திரையில் அம்புக்குறி நடுங்கியது. மெஷின் நின்றதும் அதுவும் நின்றது. பலகைமேல் உள்ளங்கையை வைத்தேன், கல் அதிர்வது தெரிந்தது. உருண்டை மவுஸுக்கு அந்த அதிர்வு உறைக்காது. விளக்கு மவுஸுக்கு, அதுவும் வழவழப்பான கல்லின்மேல், அதுவே போதும். கம்ப்யூட்டர் யாரோ தொடுவதாக நினைத்துக்கொண்டு விழித்தே இருக்கும். பட்டறைக்காரர்கள் பன்னிரண்டு மணிக்கே சாப்பிட்டு முடித்து, முதலாளி போகும் நேரத்தில் மெஷினைப் போட்டுவிடுவார்கள்.

எனக்குப் பயம் வந்தது. அவளுக்காக இல்லை. முதலாளிக்குத் தெரிந்தால் என் பெயர் என்னாவது என்றுதான். அங்கே கிடந்த பழைய டெலிபோன் டைரக்டரியை மவுஸுக்கு அடியில் வைத்தேன். முதலாளி எதற்கு என்று கேட்டார். கைக்கு வசதி என்றேன்.

புது ஆள் வேலைக்குச் சேர்ந்த வாரம் அவரே போன் செய்தார். "பாத்தியா தம்பி, இவன் யோக்கியன். மெஷின் ஒயுங்கா தூங்குது" என்றார். சந்தோஷம் அண்ணா என்றேன்.

மறுவருஷம் செய்யூர் பஸ் நிலையத்தில் டீ குடித்துக்கொண்டிருந்தேன். அவள் அண்ணனோடு வந்தாள். என்னைப் பார்த்ததும் அவள் முகம் மலர்ந்ததை என்னால் இன்னும் மறக்க முடியவில்லை. அண்ணன் கையைப் பிடித்து என் எதிரில் இழுத்துக்கொண்டு வந்து நிறுத்தினாள்.

"இந்த சார்தான் மெஷினப் பாத்தவரு. நான் தொடலன்னா எங்க அண்ணன் நம்ப மாட்டேங்குது சார். அப்பால மறுபடி போய்ப் பாத்திருப்பீங்களே, அது மெஷின் கோளாறுதானே? நீங்க ஒரு வார்த்த சொல்லுங்க."

அண்ணன் என் வாயையே பார்த்தான். ஊரில் என் பெயர் நன்றாக இருந்தது. அந்த வாரம்தான் அங்கே ஒரு பள்ளிக்கூடத்து வேலையும் கிடைத்திருந்தது.

"அது அன்னிக்கும் நல்லாத்தாம்மா இருந்துச்சு" என்றேன்.

"கேட்டுகினியா? வூட்டுக்கு நட" என்றான் அண்ணன்.

அவள் அண்ணனுக்குப் பின்னால் நடந்தாள். நான் மீதி டீயைக் குடித்தேன். அது இன்னும் சூடாகத்தான் இருந்தது.