எங்கள் தெரு விடுபட்ட அறிக்கை

வரி கோணலாக இருந்தால் எனக்குச் சோறு இறங்காது. அப்படி ஒரு கிறுக்கு. சங்கரன்கோவிலில் வீட்டிலிருந்தே கணினி வேலை பார்க்கிற நான், பைத்தான் என்கிற கணினி மொழியில் எழுதிய ஒரு சின்ன நிரலிலும் அந்தக் கிறுக்கைக் காட்டினேன்.

பக்கத்து வீட்டு அண்ணாச்சிக்காக எழுதியது அது. தறிக்கூடத்தில் பஞ்சுத் தூசியைச் சுவாசித்தே நுரையீரல் கெட்டுப்போனவர். இப்போது எந்நேரமும் ஆக்சிஜன் மிஷின்தான். மிஷினுக்குக் கரண்டு வேண்டும். வீட்டு இன்வெர்ட்டர் அதைத் தாங்கவில்லை. பராமரிப்புக்காக எந்தத் தெருவில் என்றைக்குக் கரண்டு நிற்கும் என்று மின்வாரியத்தில் இணையத்தில் முன்கூட்டியே போட்டுவிடுகிறார்கள். என் நிரல் தினமும் மாலை அந்தப் பக்கத்தைப் படித்து, தேதி, நேரம், இடங்கள் என்று பத்தி பிரித்து ஒரு தாளில் அச்சடிக்கும். அண்ணாச்சியின் மனைவி, நான் மதினி என்று கூப்பிடுகிறவர், அதைச் சுவரில் ஒட்டுவார். எங்கள் தெரு இருந்தால் அன்றைக்கே ஆக்சிஜன் சிலிண்டர் வரவழைத்துவிடுவார்.

இடங்களின் பட்டியல் சில நாள் நீண்டுவிடும். கரிவலம்வந்தநல்லூர் என்று வந்தால் அதுவே கால் வரியைத் தின்றுவிடும். பத்தி கலையக்கூடாதே என்று, வரியை மீறுவதை வெட்டிவிடும்படி நானே எழுதியிருந்தேன்.

ஒரு வியாழக்கிழமை காலை ஒன்பது மணிக்குத் தெருவெங்கும் தறிச்சத்தம் சட்டென்று நின்றது. மதினி ஓடி வந்தார்.

"தம்பி, கரண்டு போயிட்டு! அவுகளுக்கு மூச்சு முட்டுது. ஒங்க தாள்ல நம்ம தெரு இல்லயே!"

ஆட்டோவில் ஏற்றினோம். அண்ணாச்சியின் உதடு நீலம் பாரித்திருந்தது. ஆஸ்பத்திரியில் மூக்கில் குழாய் வைத்த பிறகுதான் எனக்கும் மூச்சு வந்தது. வராந்தாவில் நின்று செல்போனில் அந்தப் பக்கத்தைத் திறந்தேன். எங்கள் தெரு இருந்தது, கடைசிப் பெயராக. அவர்கள் ஒழுங்காகத்தான் போட்டிருந்தார்கள்; வெட்டியது நான். என் மேலேயே ஆத்திரமாக வந்தது.

சாயங்காலம் வீடு திரும்பியதும் இருவரிடமும் ஒளிக்காமல் சொன்னேன். அண்ணாச்சி கட்டிலில் இருந்தபடியே சுவரில் இருந்த தாளைப் பார்த்தார்.

"அழகாத்தான் வே இருக்கு," என்றார். அதற்குப் பதில் என்னை நாலு அறை விட்டிருக்கலாம்.

இனி ஒரு பெயரும் விழக்கூடாது என்று உட்கார்ந்தேன். வெட்டும் கட்டளையை அழித்தேன். நீளமான பட்டியல் மடங்கி அடுத்த வரியில் இறங்கும். இணையப் பக்கத்தில் எத்தனை பெயர், தாளில் எத்தனை பெயர் என்று நிரலே எண்ணிப் பார்க்கும். குறைந்தால் என் செல்போனை அலறவிடும். பக்கம் திறக்காத நாளில் 'தெரியவில்லை, சிலிண்டர் வரவழைத்து வைக்கவும்' என்று பெரிய எழுத்தில் அச்சடிக்கும். சேமித்து வைத்திருந்த பழைய பக்கங்களையெல்லாம் கொடுத்துச் சோதித்தேன். சம்பள வேலை இரண்டு நாள் கிடப்பில் கிடந்தது. கிடக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

புதிய தாள் பார்க்கச் சகிக்காது. ஒரு தேதிக்கு ஒரு வரி, அடுத்ததற்கு ஆறு வரி. சரிசெய்யச் சொல்லிக் கை துறுதுறுத்தது. அடக்கிக்கொண்டேன்.

அடுத்த மாதம் ஒரு தாளில், ஐந்தாவது வரியில் எங்கள் தெரு வந்தது. மதினி சிவப்புப் பேனாவால் வட்டம் போட்டார். சிலிண்டர் அன்று சாயங்காலமே வந்துவிட்டது. மறுநாள் ஒன்பது மணிக்குத் தறிகள் நின்றன. பதறிப்போய் நான் வாசலுக்கு வருவதற்குள், சுவருக்கு அந்தப்பக்கமிருந்து அண்ணாச்சியின் குரல் கேட்டது. திணறல் இல்லாமல், ஒரே மூச்சில்:

"ஏலே, கரண்டு போயிட்டுலே!"