ஜப்பான் கதையில் வந்த குடை

அந்தத் தெருவில் யாரிடம் கேட்டாலும் 'பல்செட்' வீடு எது என்று காட்டிவிடுவார்கள். பல் டாக்டர் இல்லை அந்த வீட்டுக்காரர். டாக்டர்கள் நோயாளியின் வாயில் அச்சு எடுத்து அனுப்புவார்கள். அதில் பிளாஸ்டர் மாவு கரைத்து ஊற்றி, காய்ந்ததும் மெழுகு வைத்து, பல் அடுக்கி, பொய்ப்பல் செய்து கொடுப்பது இவர் வேலை. மாடிப்படிக்குக் கீழே ஒரு சின்ன அறைதான் பட்டறை. உள்ளே போனால் அலமாரி முழுக்க ஊரார் வாய்கள் வெள்ளைவெளேரென்று வரிசையாக இளித்துக்கொண்டிருக்கும். புதிதாக வருகிறவர்கள் வாசலோடு நின்றுவிடுவார்கள்.

கைவேலை சுத்தம். வாய்தான் மோசம். மூக்கின் மேல் கோபம் அவருக்கு. வந்துவிட்டால் என்ன பேசுகிறோம் என்றே தெரியாது. எல்லாவற்றையும் கொட்டித் தீர்த்து, ஒரு சொம்புத் தண்ணீர் குடித்த பிறகுதான் ஐயோ என்று தலையில் கை வைத்துக்கொண்டு உட்காருவார்.

"ஊர்ல இருக்கற வாயெல்லாம் சரி பண்றீங்க. உங்க வாயை எந்த டாக்டர்கிட்ட கொண்டுபோறது?" என்பாள் மனைவி.

அவரிடம் அப்படிப் பேச அவள் ஒருத்திக்குத்தான் தைரியம் உண்டு. அவளுக்கு முன்பல் இரண்டும் விழுந்து, அவர் செய்துகொடுத்த பல்லைத்தான் மாட்டியிருந்தாள். அந்தப் பல்லை வைத்துக்கொண்டே அவரைக் கிண்டலும் செய்வாள்.

ஒரே மகள். அப்பாவின் கோபமும் வீம்பும் குண்டுமணி குறையாமல் அவளுக்கும் வந்திருந்தன. தனக்குப் பிடித்தவனைத்தான் கட்டிக்கொள்வேன் என்றாள். இவர் முடியாது என்றார். வீடு இரண்டுபட்டது. ஒரு மழைநாள் காலையில் அவள் பையை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். இவர் வாசலில் நின்றுகொண்டு, தெருவே எட்டிப் பார்க்கும்படி கத்தினார்.

"இனிமே இந்த வீட்டுப் படி ஏறாதே!"

அவள் திரும்பிப் பார்த்தாள். கண்ணில் ஒரு சொட்டு நீர் இல்லை. "நீங்களா, உங்க வாயால, வான்னு கூப்பிடற வரைக்கும் ஏற மாட்டேன்" என்றாள். நனைந்துகொண்டே போய்விட்டாள். அவளுடைய நீலக் குடை, ஒரு கம்பி ஒடிந்த குடை, கதவுக்குப் பின்னால் ஆணியிலேயே தொங்கியது.

அன்றைக்கு அவர் எத்தனை தண்ணீர் குடித்தாலும் நெஞ்சு அடங்கவில்லை. அதற்குப் பிறகு அவருக்குத் தன் வாயைக் கண்டாலே பயம் வந்துவிட்டது. பேச்சு குறைந்தது. மகள் வாராவாரம் அம்மாவுக்குப் போன் பண்ணுவாள். அவர் பட்டறைக் கதவைப் பாதி திறந்து வைத்துக்கொண்டு காதைத் தீட்டிக் கேட்பார். பேசி முடித்ததும் மனைவி வந்து நிற்பாள்.

"ஒரு வார்த்தைங்க. வான்னு சொன்னா வந்துடுவா. உங்க வாய் முத்தா உதிர்ந்துடும்?"

"நான் வாயைத் திறந்தா வேற ஏதாவது வந்து தொலைக்கும்" என்பார். சாக்கு இல்லை அது. உண்மையாகவே அப்படித்தான் நம்பினார்.

இந்த மனுஷன் கையில்தான் ஜப்பான்காரர்கள் வந்து சேர்ந்தார்கள். கேட்டால் சிரிப்பீர்கள். செய்த பல்லை ஆஸ்பத்திரியில் கொடுத்துவிட்டுத் திரும்பும் வழியில் ஒரு பழைய புத்தகக் கடை. மழைக்கு ஒதுங்கினார்.

"சார், சும்மா நிக்காதீங்க, இதைப் பாருங்க" என்று கடைக்காரர் ஒரு புத்தகக் கட்டைக் காட்டினார். "ஜப்பான்காரங்க எழுதினது. இங்கிலீஷ்ல போட்டிருக்காங்க. ஒரு ஆள் சீண்ட மாட்டேங்கறான்."

இங்கிலீஷ் நாவல் ஒன்றிரண்டை இவர் முன்பே தொட்டுப் பார்த்தவர்தான். நாவலைவிட அகராதியைத்தான் அதிகம் படித்தார். இது வேறு மாதிரி இருந்தது. சின்னச் சின்ன வாக்கியங்கள். மழை பெய்தது. அவள் ஜன்னலைச் சாத்தினாள். அவன் செருப்பைத் துடைத்தான். பள்ளிக்கூடத்தில் படித்த இங்கிலீஷே போதுமாக இருந்தது. நின்ற இடத்திலேயே பத்துப் பக்கம் ஓடிவிட்டது; மழை விட்டதுகூடத் தெரியவில்லை.

அவரைப் பிடித்து இழுத்தது இங்கிலீஷ் இல்லை. அந்தப் புத்தகங்களில் யாருமே கத்துவதில்லை! வீட்டை விட்டுப் போகிற புருஷனின் சட்டையைப் பெண்டாட்டி மடிக்கிறாள். மடிக்கிற மடிப்பிலேயே முப்பது வருஷச் சண்டையும் இருக்கிறது. அண்ணனும் தம்பியும் ஒரு பழத்தைப் பாதியாக நறுக்குகிறார்கள். பெரிய பாதி யார் பக்கம் தள்ளப்படுகிறது என்பதில் மன்னிப்பு இருக்கிறது. வாயைத் திறக்காமலே இத்தனையும் சொல்ல முடியுமா என்று அவருக்குப் பிரமிப்பு. வாயால் கெட்ட மனுஷனுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

பைத்தியமே பிடித்துவிட்டது. பல் அச்சை வெந்நீரில் வேகப்போட்டுவிட்டுக் காத்திருக்கும் நேரமெல்லாம் புத்தகம்தான். அலமாரியில் வாய்களுக்கு நடுவே புத்தகங்கள் ஏறின. பக்கமெல்லாம் பொய்ப்பல்லுக்கு ஈறு செய்கிற ரோஸ் நிறத் தூள் படிந்தது. சாயங்காலம் மனைவி காய் நறுக்கும்போது எதிரில் உட்கார்ந்து கதை சொல்வார். அவள் கேள்வி கேட்டே அவரைக் கொன்றுவிடுவாள்.

"கடைசில என்ன ஆச்சு?"

"ஒண்ணும் ஆகலை. அவன் விளக்கை அணைச்சான்."

"அணைச்சுட்டு?"

"அவ்வளவுதான். முடிஞ்சுது."

"விளக்கை அணைக்கவா இருநூறு பக்கம்? நான் தினமும்தான் அணைக்கறேன், எவன் எழுதறான்?"

சிரிப்பாள். ஆனால் மறுநாள் அவளேதான், "அந்த விளக்கணைச்சவன் பெண்டாட்டி என்னங்க ஆனா?" என்று கேட்பாள். ஜப்பான் பெயர்கள் அவளுக்கு வாயில் நுழையாது. மூக்குக்கண்ணாடி, சட்டைக்காரி, கப்பல் மாமா என்று எல்லோருக்கும் பட்டப்பெயர் வைத்திருந்தாள். மகள் போன பிறகு அந்த வீட்டில் சிரிப்புச் சத்தம் கேட்டது அந்த நேரங்களில்தான்.

இப்படி இருக்கும்போதுதான் அவளுக்கு மூச்சு வாங்க ஆரம்பித்தது. இதயம் பலவீனம், அலட்டிக்கொள்ளக் கூடாது என்றார் டாக்டர். இவர் ஆடிப்போய்விட்டார். மகளிடம் சொல் என்றார். மனைவி ஒரே பிடியாக மறுத்துவிட்டாள்.

"என் நோயைக் காட்டி அவளை வரவழைக்க மாட்டேன். அப்புறம் ஆயுசுக்கும் அம்மாவுக்காக வந்தேன்னுதான் சொல்லுவா. நீங்க கூப்பிட்டதுக்காக வரணும். நான் இருக்கும்போதே வரணும். உங்க ரெண்டு பேரையும் ஒண்ணா உக்கார வெச்சுப் பாத்துட்டேன்னா போதும்."

அவர் பட்டறைக்குப் போய், எடுத்த வேலையைச் செய்ய முடியாமல், ஒரு புத்தகத்தைப் பிரித்தார். அந்தப் புத்தகத்தில்தான் அந்தக் குடை இருந்தது.

கதையில் ஓர் அப்பா, ரயில்வே ஊழியர். மகளோடு மனஸ்தாபம். அவள் ஊரின் மறுபக்கம் போய்விட்டாள். அவள் விட்டுப்போன குடையின் ஒடிந்த கம்பியை அப்பா தன் கையாலேயே சரிசெய்கிறார். ஊரைக் கடந்து நடந்து போய், அவள் வீட்டுக் கதவில் சாய்த்து வைத்துவிட்டு, கதவைத் தட்டாமல் திரும்பிவிடுகிறார். மகள் கதவைத் திறக்கிறாள். குடையைப் பார்க்கிறாள். சரிசெய்த கம்பியை விரலால் தடவுகிறாள். அடுத்த அத்தியாயத்தில் அப்பா வீட்டுச் சமையலறையில் கோப்பை கழுவிக்கொண்டிருக்கிறாள். ஒரு வார்த்தை இல்லை!

அவருக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. ஓடிப்போய் மனைவியிடம் சொன்னார். அவள் கத்தியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டாள். கேட்டுவிட்டு, "அந்தப் பொண்ணுக்கு அவர் மனசு எப்படிப் புரிஞ்சுது?" என்றாள்.

"அதாண்டி கதை. குடையைப் பாத்ததும் புரிஞ்சுடுது."

"அப்பாவையும் பொண்ணையும் எழுதினது ஒரே ஆள்தானே. அதுல புரியாமப் போகுமா?" என்று சிரித்தாள். சிரிப்பில் மூச்சு இரைத்தது.

அந்தப் பேச்சை அவர் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. கடவுளே பார்த்து வழிகாட்டினார் என்று நினைத்துக்கொண்டார். ஆணியிலிருந்து நீலக் குடையை எடுத்தார். பல்லைப் பிடித்து நிறுத்துகிற எஃகுக் கம்பியில் ஒரு துண்டு வெட்டி, குறடால் வளைத்து, ஒடிந்த இடத்தில் கட்டுப்போட்டார். டாக்டர்கள் கேட்ட பல்லுக்குக்கூட அத்தனை பொறுமையாக அவர் கம்பி வளைத்ததில்லை. துணியைத் துவைத்துக் காயவைத்தார். ஞாயிற்றுக்கிழமை காலை, மகள் வீட்டுக்குப் போகிறேன் என்று மனைவியிடம் சொன்னபோது அவள் முகத்தைப் பார்க்க வேண்டுமே! சட்டைக்குப் பொத்தான் போட்டுவிட்டாள். வாசல்வரை வந்தாள்.

மகள் வீடு ஒரு பழைய கட்டடத்தின் மூன்றாவது மாடி. கதவுக்கு வெளியே இரண்டு ஜோடி செருப்பு. உள்ளே அவள் யாருடனோ பேசிச் சிரிக்கிற சத்தம் கேட்டது. தட்டலாமா என்று கை எழுந்தது. தட்டினால் பேச வேண்டும். பேசினால் எது வருமோ! குடையைக் கதவில் சாய்த்துவிட்டுத் திருடனைப் போல இறங்கி வந்துவிட்டார்.

"கூப்பிட்டீங்களா?" மனைவி வாசலிலேயே நின்றுகொண்டிருந்தாள்.

"கூப்பிட்டாச்சு."

மனமறியப் பொய் சொல்கிறோம் என்று அவர் நினைக்கவில்லை. கூப்பிட்டுவிட்டதாகத்தான் நினைத்தார். மனைவி அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "போதுங்க, போதும்" என்று அழுதாள்.

அந்த வாரம் மகளிடமிருந்து போன் வரவில்லை. "நேர்லயே வரப்போறா, அதான் பேசலை. அப்பனுக்குத் தப்பாத அழுத்தக்காரி" என்று மனைவி மகளின் அறையைக் கூட்டினாள். வேண்டாம் வேண்டாம் என்று இவர் துடைப்பத்தைப் பிடுங்க வேண்டியிருந்தது. அடுத்த வாரமும் வரவில்லை. மனைவி தானாகவே கூப்பிட்டாள். மணி அடித்து அடித்து நின்றது. மறுபடி கூப்பிட்டாள். அவள் எடுக்கவே இல்லை. மனைவி போனை மடியில் வைத்துக்கொண்டு அவரைப் பார்த்தாள்.

"அன்னிக்கு என்னங்க சொன்னீங்க? சொன்னதை அப்படியே சொல்லுங்க."

அப்போதாவது சொல்லியிருக்கலாம். குடையை வைத்துவிட்டு வந்தேன் என்று சொல்லியிருந்தால் அந்தக் கெட்டிக்காரி ஒரு நொடியில் விஷயத்தைப் புரிந்துகொண்டு, திட்டி, அவரைத் தரதரவென்று இழுத்துக்கொண்டே கிளம்பியிருப்பாள். அவளுடைய வெளுத்த உதட்டைப் பார்த்ததும் அவருக்கு உண்மையைச் சொல்ல மனம் வரவில்லை.

"வான்னு சொன்னேன்" என்றார்.

"அப்ப வருவா" என்றாள். அதற்குமேல் அவள் கேட்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை வந்ததும் போய்க் கதவைத் தட்டியே தீருவது, காலில் விழுந்தாவது கூட்டிவருவது என்று அவர் மனதுக்குள் முடிவெடுத்துக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் அவள் காய் நறுக்கிக்கொண்டிருந்தவள் அப்படியே சாய்ந்துவிட்டாள். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். கொண்டுபோய் என்ன! சாயங்காலம் ஒரு நர்ஸ் வந்து, ஒரு காகிதக் கோப்பையை அவர் கையில் கொடுத்தாள். உள்ளே அவர் செய்துகொடுத்த இரண்டு பல்.  அவர் குழாயடியில் அந்தப் பல்லைக் கழுவினார். உள்ளே போய், யாரையும் தொடவிடாமல், தன் கையாலேயே அவள் வாயில் பொருத்தினார். அவள் முகம் பழையபடி ஆயிற்று. இப்போது ஏதாவது கிண்டல் செய்வாள் போலத்தான் இருந்தது.

மறுநாள் காலை அவளை முன்னறையில் கிடத்தியிருந்தார்கள். பக்கத்து வீட்டுக்காரி மகளுக்குச் சொல்லி அனுப்பியிருந்தாள். அழுகையும் பேச்சுமாக இருந்த வாசல் திடீரென்று அடங்கியது. அவர் நிமிர்ந்து பார்த்தார்.

மகள் தெருவில் நின்றுகொண்டிருந்தாள். தலைகூட வாரவில்லை. கன்னமெல்லாம் கண்ணீர். அங்கிருந்தே அம்மாவின் பாதம் தெரிந்தது. ஆனாலும் ஏறவில்லை. படிக்குக் கீழேயே நின்றாள். "உள்ள போம்மா" என்று யாரோ தோளைத் தொட்டார்கள். தட்டிவிட்டாள். பார்த்துக்கொண்டிருந்தவர்கள், இதென்ன நெஞ்சழுத்தம் என்று முணுமுணுத்தார்கள். அவருக்கு மட்டும்தான் தெரியும் அது என்ன என்று.

தட்டுத்தடுமாறி எழுந்து வாசலுக்கு வந்தார்.

"அம்மாவுக்கு உடம்பு முடியலைன்னு எனக்கு யாருமே சொல்லலை" என்றாள்.  "அவங்க கூப்பிட்டப்ப நான் எடுக்கலைப்பா. ரெண்டு தடவையும் எடுக்கலை. நீங்க குடையைக் கொண்டாந்து வாசல்ல போட்டுட்டுப் போனீங்க. தட்டக்கூட இல்லை. என் பொருள் ஒண்ணுகூட இந்த வீட்ல இருக்கக்கூடாதுன்னு கொண்டாந்து போட்டுட்டீங்க, இனிமே அம்மாகிட்ட என்ன பேசறதுன்னுதான் எடுக்கலை. ஒடிஞ்ச கம்பியைக்கூட சரி பண்ணி, ஒட்டும் வேண்டாம் உறவும் வேண்டாம்னு..."

அவர் நிலைப்படியைப் பிடித்துக்கொண்டார். "இல்லம்மா. அது... நீ வரணும்னுதாம்மா வெச்சேன். உங்கம்மாகிட்ட கூப்பிட்டுட்டேன்னு சொன்னேன். அவ நம்பினா. நீ வருவேன்னு உன் ரூமைக் கூட்டினா" என்றார். சொல்லச் சொல்லத்தான் அவருக்கே அது முழுசாக விளங்கியது.

மகள் அவரையே பார்த்துக்கொண்டு நின்றாள். இன்னும் படியேறவில்லை.

"வாம்மா" என்றார். குரல் பிசிறடித்தது. இரண்டாம் தடவை தெருவே கேட்கச் சொன்னார். "உள்ள வாம்மா."

வேறு எதுவும் வந்து தொலைக்கவில்லை. அந்தச் சொல் மட்டும்தான் வந்தது.

"இவ்வளவுதானேப்பா?" என்றாள் மகள். "இதைத்தானேப்பா அம்மா கேட்டாங்க?"

அவரைத் தாண்டி, படியேறி, அம்மாவிடம் போனாள்.